பிளாக்ஹார்ட் மேனா, லீகலைஸ் இட்டா: ரெகேயில் முதலில் எதைக் கேட்பது?

ஜமைக்காவில் பிறந்த இசையான ரெகேயைக் கேட்கத் தொடங்க நினைப்பவர்கள் ஒரே ஒரு ஆல்பம் சொல்லச் சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் பாப் மார்லியின் ‘லெஜண்ட்’. அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1984இல் வந்த தொகுப்பு அது. பாட்டுகள் எல்லாம் நல்லவை. ஆனால் வெவ்வேறு ஆண்டுகளின் பாட்டுகளைப் பொறுக்கி எடுத்து அடுக்கியது. ஒரு மனிதர் ஒரு காலத்தில் ஒரே மூச்சாகச் சொல்ல வந்ததை முதலிலிருந்து கடைசி வரை கேட்கும் அனுபவம் அதில் கிடைக்காது. ரெகேயின் பெரிய ஆல்பங்கள் ஐம்பது ஆண்டுகளாக உயிரோடு இருப்பது அந்த அனுபவத்தால்தான்.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் மூன்று ஆல்பங்களை முன்னால் வைப்பேன். வெய்லர்ஸ் குழுவில் முதன்மையாகப் பாடிய மூன்று பேர், பிரிந்த பிறகு தனித்தனியாகச் செய்த முதல் ஆல்பங்கள் அவை. பாப் மார்லியின் ‘நாட்டி டிரெட்’ 1974இல் வந்தது. பீட்டர் டோஷின் ‘லீகலைஸ் இட்’, பன்னி வெய்லரின் ‘பிளாக்ஹார்ட் மேன்’ இரண்டும் 1976இல் வந்தன. ஒரே குழுவில் வளர்ந்த மூன்று பேர், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே ஊரில் செய்தவை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு ரெகேயில் அமையாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ‘பிளாக்ஹார்ட் மேன்’. சிலருக்கு மட்டும் ‘லீகலைஸ் இட்’. யாருக்கு எது, ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று பேரும் பிரிந்த கதை

நெவில் லிவிங்ஸ்டன் என்ற பன்னி வெய்லரும் பாப் மார்லியும் சிறுவயதில் செயின்ட் ஆன் மாவட்டத்தின் நைன் மைல் கிராமத்தில் ஒன்றாக இருந்தவர்கள். பன்னி வெய்லரின் அப்பாவுக்கும் மார்லியின் அம்மாவுக்கும் ஒரு மகள் பிறந்ததால், இருவருக்கும் பொதுவாக ஒரு தங்கை உண்டு. பிறகு கிங்ஸ்டனின் ட்ரெஞ்ச் டவுனுக்கு வந்தார்கள். வெஸ்ட்மோர்லண்டிலிருந்து வந்த பீட்டர் டோஷ் அங்கே சேர்ந்துகொண்டார். மூன்று குரல்களைச் சேர்த்துப் பாடுவது எப்படி என்று அவர்களுக்கு உட்கார்த்திவைத்துக் கற்றுக்கொடுத்தவர் ஜோ ஹிக்ஸ். 1963இல் குழு உருவானது. தயாரிப்பாளர் காக்ஸோன் டாட்டின் ஸ்டூடியோ ஒன்னில் தொடங்கி, இன்னொரு தயாரிப்பாளர் லீ பெர்ரியோடு 1970-71இல் செய்த பதிவுகள் வழியாக, 1973இல் ஐலண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் ‘கேட்ச் எ ஃபயர்’, ‘பர்னின்’ என்று இரண்டு ஆல்பங்கள் வரை மூன்று பேரும் ஒன்றாக இருந்தார்கள்.

முதலில் விலகியவர் பன்னி வெய்லர். 1973இல் இங்கிலாந்துப் பயணம் முடிந்ததும், இனி வெளிநாட்டுப் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அமெரிக்கப் பயணத்தில் அவர் இடத்தில் நின்று பாடப் போனவர் ஆசிரியர் ஜோ ஹிக்ஸ். டோஷ் 1974இல் விலகினார்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பிரிந்தார்களே தவிர, ஒருவர் பதிவுக்கு மற்றவர் வராமல் இல்லை. ‘லீகலைஸ் இட்’டில் பன்னி வெய்லர் பின்னணி பாடியிருக்கிறார். ‘பிளாக்ஹார்ட் மேன்’னில் மார்லி, டோஷ் இருவரும் பாடியிருக்கிறார்கள். மூன்று ஆல்பங்களிலும் பாரட் சகோதரர்கள் வாசித்திருக்கிறார்கள்: பேஸ் கிட்டாரில் ஆஸ்டன், டிரம்ஸில் கார்ல்டன். அதனால் இந்த மூன்றையும் ஒப்பிடும்போது வாத்தியக்காரர்களின் திறமையை ஒப்பிட வேண்டியதே இல்லை. அடித்தளம் பெரும்பாலும் ஒன்றுதான். மேலே நிற்கும் மனிதர்தான் மாறுகிறார்.

‘நாட்டி டிரெட்’: ஏன் முதலில் வேண்டாம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ‘நாட்டி டிரெட்’ அருமையான ஆல்பம். ‘தெம் பெல்லி ஃபுல்’, ‘ரெபெல் மியூசிக்’ இரண்டும் மார்லி பாடியவற்றில் மிகக் கூர்மையானவை. டோஷும் பன்னி வெய்லரும் இருந்த இடத்தில் இப்போது ரீட்டா மார்லி, ஜூடி மோவாட், மார்ஷியா கிரிஃபித்ஸ் மூவரின் குரல்கள். அமெரிக்கர் ஆல் ஆண்டர்சனின் கிட்டாரும் சேர்ந்து, ஒலி கொஞ்சம் ராக் பக்கம் சாய்ந்துவிட்டது. பட்டியலில் இதைச் சேர்த்ததே குழுவின் மூன்றில் ஒரு பங்கு எங்கே போனது என்று காட்டத்தான். அட்டையில் ‘பாப் மார்லி அண்டு த வெய்லர்ஸ்’ என்று இருப்பதால் இதைத் தனி ஆல்பம் என்று சொல்வதே கொஞ்சம் இழுத்துச் சொல்வதுதான்.

முதலில் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் தரம் இல்லை. ‘நோ வுமன், நோ கிரை’யை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள், அதுவும் 1975இல் லண்டன் லைசியம் அரங்கில் பாடிய வடிவத்தில். அந்த வடிவம் மனதில் உட்கார்ந்துவிட்ட காதுக்கு இந்த ஆல்பத்தில் இருக்கும் ஸ்டூடியோ பதிவு சப்பென்று இருக்கும். தெரிந்த முகத்தைத் தேடிக்கொண்டு போனால் ஆல்பத்தின் மற்ற பாட்டுகள் காதில் விழாது. இதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘லீகலைஸ் இட்’: கையில் எடுத்ததும் புரிவது

அட்டையிலிருந்தே எல்லாம் வெளிப்படை. கஞ்சாத் தோட்டத்தின் நடுவில் டோஷ் உட்கார்ந்து புகைக்கிறார். படம் எடுத்தவர் லீ ஜாஃபி. ஆல்பத்தின் பெயர்ப் பாட்டு 1975இல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வந்தபோது ஜமைக்கா வானொலியில் தடை செய்யப்பட்டது. பாட்டு செய்வது ஒரு வாதம். கஞ்சாவுக்கு எத்தனை பெயர்கள், எந்தெந்த நோய்க்கு மருந்து, யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். மருத்துவர், நீதிபதி, வழக்கறிஞர் யாரையும் விடவில்லை. ஒரு மன்றத்தின் முன்னால் நின்று, எழுந்து பேசுகிறவரின் குரல் அது. கோபத்தை அடக்கி வைத்துக்கொண்டு, நிதானமாக, கொஞ்சம் குறும்போடு பேசுகிறார்.

கஞ்சாச் செடியும் அதைப் பயன்படுத்தும் வழக்கமும் ஜமைக்காவுக்குப் போனது 1845 முதல் அங்கே ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்கள் வழியாக என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. கரும்புத் தோட்டத்தில் அவர்களிடமிருந்து ஆப்பிரிக்க வம்சாவளி மக்களுக்குப் போய், பிறகு ராஸ்தஃபாரி என்ற ஜமைக்கா சமய இயக்கத்தின் வழிபாட்டில் புனிதப் பொருளாக மாறியது. அந்தப் பாட்டைக் கேட்கும்போது இந்த வரலாறும் நம் காதில் கூடவே ஒலிக்க வேண்டும்.

ஆனால் ஆல்பம் அந்த ஒரு பாட்டு மட்டும் அல்ல. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அட்டையைப் பார்த்து ‘புகைக்கிறவர்கள் பாட்டு’ என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. ஒன்பது பாட்டுகள், 38 நிமிடம். ‘இக்ஸியாபெஹெர்’ முழுக்க வழிபாடு. ‘வொய் மஸ்ட் ஐ கிரை’ காதல் முறிந்தவனின் பாட்டு, மார்லியோடு சேர்ந்து எழுதியது. ‘கெச்சி ஷூபி’ விளையாட்டுத்தனமான சரசம். எனக்கு இதில் மிகப் பிடித்தது ‘டில் யுவர் வெல் ரன்ஸ் டிரை’. பன்னி வெய்லரோடு சேர்ந்து எழுதிய பாட்டு இது. அமெரிக்க சோல் பாட்டு மாதிரி மெதுவாக, ரெகே தாளமே இல்லாமல் தொடங்குகிறது. பல்லவி வரும்போது சட்டென்று ரெகேக்குள் விழுகிறது. அந்த மாற்றத்தை எத்தனை தடவை கேட்டாலும் உடம்பு தானாக அசையும். இண்டியானாவிலிருந்து வந்த ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் டொனால்ட் கின்ஸி இந்த ஆல்பத்தில் இருப்பதன் பலன் இப்படிப்பட்ட இடங்களில் தெரியும்.

டோஷின் குரல் அடித்தொண்டையில் உருளும் பாரிடோன். சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழும். ரெகே பழகாத காதுக்கு இது பெரிய வசதி. தாளமும் வசதியாக இருக்கும், பாட்டுகள் அளவாக முடியும், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. காரில் போகும்போது, வேலை செய்யும்போது, நண்பர்கள் வந்திருக்கும்போது என்று எங்கேயும் வைக்கலாம்.

குறை என்ன? இந்த ஆல்பத்துக்கு நடு இல்லை என்பதே என் குறை. போராட்டம், பக்தி, காதல், கேலி எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்றையொன்று தொடுவதில்லை. இன்னொன்று, இது டோஷின் உச்சமும் இல்லை. அடுத்த ஆண்டே, 1977இல், ‘ஈக்வல் ரைட்ஸ்’ செய்தார். அதில் ஒவ்வொரு பாட்டும் ஒரே திசையில் போகிறது. ஆக, ‘லீகலைஸ் இட்’டை வாங்குகிறவர் டோஷின் இரண்டாவது சிறந்த ஆல்பத்தைத்தான் வாங்குகிறார். முதல் ஒன்றை மட்டும் வாங்கப் போகிற ஒருவருக்கு இது முக்கியமான கணக்கு.

‘பிளாக்ஹார்ட் மேன்’: மெல்லத் திறப்பது

பன்னி வெய்லரின் கதை நேர்மாறு. அவர் அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாடினார், மூன்று முறை கிராமி விருது வாங்கினார், 2012இல் ஜமைக்கா அரசின் ‘ஆர்டர் ஆஃப் ஜமைக்கா’ பெற்றார், 2021 மார்ச் 2 அன்று 73 வயதில் கிங்ஸ்டனில் காலமானார். ஆனால் அவருடைய உச்சம் இந்த முதல் ஆல்பம்தான். இதை அவருடைய ரசிகர்களில் மறுக்கிறவர்கள் குறைவு.

காரணம், அவசரமின்மை. 1973இல் குழுவை விட்டு விலகியவர், கிங்ஸ்டனுக்கு வெளியே புல் பே பக்கம் ஒதுங்கி, சொந்த லேபிளான சாலமோனிக்கில் அவ்வப்போது சிங்கிள்கள் மட்டும் வெளியிட்டுக்கொண்டிருந்தார். ஆல்பத்துக்கு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். கிங்ஸ்டனின் ஹாரி ஜே, அக்வேரியஸ் ஸ்டூடியோக்களில் பதிவு நடந்தது. பத்துப் பாட்டுகள், சுமார் 46 நிமிடம். முதல் பாட்டு ஆறு நிமிடத்துக்கு மேல், கடைசிப் பாட்டு எட்டு நிமிடத்துக்கு மேல்.

‘பிளாக்ஹார்ட் மேன்’ என்பது ஜமைக்காவில் குழந்தைகளை மிரட்டச் சொல்லும் உருவம். நம் ஊரில் பிள்ளை பிடிக்கிறவன் வருவான் என்று சொல்வதைப் போல. ஆள் நடமாட்டமில்லாத சந்துகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் இருப்பான், போனால் இதயத்தைப் பிடுங்கிவிடுவான் என்று சொல்லி வளர்ப்பார்கள். அந்தப் பயத்தின் முகமாகக் காட்டப்பட்டவர்கள் சடைமுடியோடு ஊருக்கு வெளியே வாழ்ந்த ராஸ்தாக்கள், அதாவது ராஸ்தஃபாரி வழியினர். பெயர்ப் பாட்டு அந்தக் குழந்தையின் பயத்தில்தான் தொடங்குகிறது. அம்மா எச்சரிக்கிறாள், பிள்ளை ஒதுங்கிப் போகிறான். பிறகு வளர்கிறான், தேடுகிறான், படிப்படியாக அதே பாதையில் நடக்கத் தொடங்குகிறான். பாட்டு முடியும்போது, ஊர் யாரைக் கண்டு பயந்ததோ அந்த மனிதராகவே அவர் ஆகியிருக்கிறார். பின்னால் ஒரு புல்லாங்குழல் சுற்றிச்சுற்றி வருகிறது. இதில் கோபம் இல்லை, தீர்ப்பு இல்லை. ஒரு சமூகம் யாரைப் பேயாக்கியதோ அவர் தன் கதையைத் தானே சொல்கிறார், அவ்வளவுதான்.

இது வெறும் கதையல்ல என்பதற்கு ஜமைக்கா வரலாறே சாட்சி. 1963 ஏப்ரலில், மாண்டிகோ பேக்கு அருகில் கோரல் கார்டன்ஸில் நடந்த வன்முறையை அடுத்து, சம்பந்தமில்லாத ராஸ்தாக்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்து அடித்துச் சிறையில் தள்ளினார்கள். அரசு அதற்கு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2017இல். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. இந்த ஆல்பம் வந்தது அந்த இடைவெளிக்குள்தான்.

இரண்டாவது பாட்டு ‘ஃபைட்டிங் அகெய்ன்ஸ்ட் கன்விக்‌ஷன்’. பன்னி வெய்லர் 1967இல் கஞ்சா வழக்கில் கைதாகி, ஓராண்டுக்கும் மேல் சிறையில் இருந்தார். அந்த நாட்களின் பாட்டு இது. இங்கேதான் இரண்டு ஆல்பங்களும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. சட்டம் ஒன்றுதான். டோஷ் அந்தச் சட்டத்தோடு வாதாடுகிறார். பன்னி வெய்லர் அந்தச் சட்டம் ஒருவனை உட்காரவைத்த சிறையறைக்குள்ளிருந்து பாடுகிறார். படிப்பில்லாமல், வாய்ப்பில்லாமல் வளர்ந்த பிள்ளைகள் எப்படி அங்கே வந்து சேர்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கிறார். ‘லீகலைஸ் இட்’ பாட்டை முதல் தடவையிலேயே சேர்ந்து பாடலாம். இதைச் சேர்ந்து பாட முடியாது, கேட்டுக்கொண்டுதான் இருக்க முடியும்.

ஜமைக்கா 2015இல் சட்டத்தைத் திருத்தியது. இரண்டு அவுன்ஸ் வரை, அதாவது ஏறத்தாழ 56 கிராம், வைத்திருப்பது அபராதத்தோடு முடியும் சிறு குற்றமானது. ராஸ்தாக்கள் வழிபாட்டுக்குப் பயன்படுத்தவும் அனுமதி வந்தது. 1987இல் கிங்ஸ்டனில் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட டோஷ் அதைப் பார்க்கவில்லை. அவர் பாட்டின் கோரிக்கையில் ஒரு பகுதி நிறைவேறிவிட்டது, அது அந்தப் பாட்டின் வெற்றி. ஆனால் கேட்பவர் காதில் அது கொஞ்சம் கொஞ்சமாக வரலாறாக மாறிக்கொண்டிருக்கிறது. ‘பிளாக்ஹார்ட் மேன்’ பேசுவது எந்தச் சட்டத்தையும் சார்ந்ததல்ல. தனக்குப் புரியாதவனை ஊர் பயமுறுத்தும் உருவமாக்குவது எங்கேயும் நின்றுபோகவில்லை. அதனால் அந்த ஆல்பத்துக்கு வயது ஏறவில்லை.

பழைய பாட்டுகளைப் புதிதாகப் பாடிய விதம்

இரண்டுமே முதல் ஆல்பங்கள் என்றாலும், இரண்டிலும் பழைய சரக்கு நிறைய உண்டு. டோஷின் ‘பரியல்’ வெய்லர்ஸ் குழுவாக 1968 வாக்கில் பதிவானது. ‘நோ சிம்பதி’, ‘பிராண்ட் நியூ செகண்ட் ஹேண்ட்’ இரண்டும் லீ பெர்ரி காலத்தில் வந்தவை. மறுபடி பாடும்போது டோஷ் அவற்றைப் பெரிதாக்குகிறார்: கிட்டார் கூடுகிறது, பின்னணிக் குரல்கள் கூடுகின்றன, நீளம் கூடுகிறது. பழையதில் இருந்த வெறுமை எனக்குப் பிடிக்கும் என்பதால் ‘நோ சிம்பதி’யின் பழைய வடிவத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

பன்னி வெய்லர் பக்கம் பார்த்தால், ‘ரீஇன்கார்னேட்டட் சோல்ஸ்’ 1973இலேயே வெய்லர்ஸ் குழுவாகப் பதிவாகி, ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் ஒரு சிங்கிளின் மறுபக்கமாக மட்டும் வந்தது. ‘டிரீம்லண்ட்’டின் கதை இன்னும் நீளம். அதன் மூலம் எல் டெம்போஸ் என்ற அமெரிக்கக் குழு 1963இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டு: தொலைவில் ஒரு தீவு, அங்கே நாம் இருவரும், என்ற வகை. அதை எடுத்து வெய்லர்ஸுக்காக 1966இல் ஸ்டூடியோ ஒன்னில் ஒரு தடவை, லீ பெர்ரியிடம் இன்னொரு தடவை பாடினார். 1976இல் மூன்றாவது தடவை. இந்த ஆல்பத்தில், சிறை, ஒடுக்கப்பட்டவர்களின் புலம்பல், விவிலியத்தின் அத்திமரம் என்று நான்கு பாட்டுகள் கேட்டு முடித்த பிறகு அது வருகிறது. அந்த இடத்தில் கேட்கும்போது அந்தத் தீவு காதலர் போகும் தீவாக இல்லை. கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டவர்கள் திரும்பிப் போக ஏங்கும் நிலம், ஆப்பிரிக்கா. பாட்டின் சொற்கள் அவ்வளவாக மாறவில்லை. இடம் மாறியதால் பொருள் மாறிவிட்டது. மூன்று நிமிடம்கூட இல்லாத பாட்டு இது, ஆனால் இந்த ஆல்பத்தின் மையம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

வரிசையின் அருமை இதில்தான் இருக்கிறது. எல்பி தட்டில் ‘டிரீம்லண்ட்’டோடு முதல் பக்கம் முடியும். எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். மறுபக்கம் ‘ராஸ்தாமேன்’னில் தொடங்கி, இறுதிப் போரைப் பற்றிய ‘அமகிடியன்’ வழியாக, ‘திஸ் டிரெய்ன்’ என்ற அமெரிக்கப் பக்திப் பாட்டில் முடிகிறது. பயந்த பிள்ளையில் தொடங்கி, புறப்படத் தயாராக நிற்கும் மனிதரில் முடிகிறது. இப்படி ஒரு நீண்ட நடை ‘லீகலைஸ் இட்’டில் இல்லை.

தாளமும் குரலும்

ரெகே டிரம்ஸில் ‘ஒன் டிராப்’ என்று ஒன்று உண்டு. நான்கு எண்ணிக்கையில் முதல் அடி காலியாக விடப்படும், மூன்றாவது எண்ணிக்கையில் கனமான அடி விழும். அந்தக் காலியிடத்தை நிரப்புவது பேஸ் கிட்டார். கிட்டாரும் ஆர்கனும் இடைத்தாளத்தில் கொத்திக்கொண்டே போகும். கார்ல்டன் பாரட் இதில் மன்னர். இரண்டு ஆல்பங்களிலும் அவரைக் கேட்கலாம். பேஸில் ஆஸ்டன் பாரட்டோடு ராபி ஷேக்ஸ்பியரும் இரண்டிலும் உண்டு.

வித்தியாசம் கைத்தாளத்தில் இருக்கிறது. ராஸ்தா வழிபாட்டில் நயபிங்கி என்று ஒரு பறை மரபு உண்டு: அடித்துத் தாங்கும் பெரிய பறை, விடாமல் இதயத்துடிப்பாக ஓடும் ஃபுண்டே, மேலே பேசிக்கொண்டே போகும் ரிப்பீட்டர். பன்னி வெய்லர் இந்த ஆல்பத்தில் போங்கோ, காங்கா, ஃபுண்டே மூன்றையும் தானே வாசித்திருக்கிறார். டிரம்ஸுக்கு அடியில் அந்தத் துடிப்பு ஓடிக்கொண்டே இருப்பதால், நவீன ஸ்டூடியோ ஒலியும் பழைய வழிபாட்டு ஒலியும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. ஸ்கடலைட்ஸ் குழுவின் டாமி மெக்குக், ட்ரம்பெட்டில் பாபி எல்லிஸ் என்று ஊதுபவர்களும் பெரியவர்கள். ஆனால் யாரும் முந்திக்கொண்டு வருவதில்லை.

குரலும் அப்படித்தான். டோஷின் குரல் உங்களைப் பார்த்துப் பேசும். பன்னி வெய்லரின் மேலேறும் மெல்லிய குரல் உங்களைப் பார்க்காது, அது யாரையோ நினைத்துப் பாடிக்கொண்டிருக்கும். முதல் தடவை கேட்கும்போது இது தூரமாக, ஒட்டாமல் இருப்பதாகத் தோன்றலாம். அந்தத் தூரம் குறைய இரண்டு மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கும். அதற்குப் பொறுமை இல்லை என்று நினைப்பவர்கள் தயங்காமல் டோஷிடமே போகலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

எந்தப் பதிப்பு, எதில் கேட்பது

‘லீகலைஸ் இட்’ வாங்குவதென்றால் 2011இல் வந்த ‘லெகசி எடிஷன்’ இரட்டைக் குறுந்தகட்டைத் தேடுங்கள். உலகச் சந்தைக்காக வந்த மிக்ஸோடு (குரலையும் வாத்தியங்களையும் கலந்து சமன்செய்த வடிவம்), டோஷின் மூல ஜமைக்கா மிக்ஸும் அதில் சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் ராக் ரசிகர்களை நினைத்து ஜமைக்காப் பதிவுகளைப் பூசி மெருகேற்றுவது அந்தக் காலத்தில் நடந்த விஷயம். ‘கேட்ச் எ ஃபயர்’கூட லண்டனில் கிட்டாரும் கீபோர்டும் சேர்க்கப்பட்டுத்தான் வெளியே போனது. மூல மிக்ஸைக் கேட்டால் டோஷின் ஆல்பம் மேலே ஒரு படி ஏறுகிறது.

‘பிளாக்ஹார்ட் மேன்’ ஜமைக்காவில் சாலமோனிக் லேபிளிலும் வெளிநாடுகளில் ஐலண்டிலும் வந்தது. பழைய சாலமோனிக் தட்டைத் துரத்திக்கொண்டு போய்ப் பணத்தைக் கொட்ட வேண்டிய அவசியம் முதலில் கேட்பவருக்கு இல்லை. ஐலண்ட் பதிப்போ மறுபதிப்போ போதும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்டாலும் சரி, இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஷஃபிளை நிறுத்துங்கள், வரிசை போனால் ‘பிளாக்ஹார்ட் மேன்’னில் பாதி போய்விடும். அப்புறம், போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது. ரெகேயில் பாட்டை இழுத்துச் செல்வதே பேஸ்தான். அது கேட்காவிட்டால் மிச்சம் இருப்பது கிட்டாரின் கொத்தல் மட்டும், ‘எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே’ என்று பலர் சொல்வது அதனால்தான். சாதாரண ஹெட்ஃபோன் போதும்.

யாருக்கு எது

பயணத்தில், வேலைக்கு நடுவில்தான் இசை கேட்க நேரம் கிடைக்கிறது என்பவர்கள், ஆங்கிலப் பாட்டில் சொல் தெளிவாக விழ வேண்டும் என்பவர்கள், ராக், ப்ளூஸ் பழக்கம் உள்ளவர்கள் ‘லீகலைஸ் இட்’டில் தொடங்கலாம். பிடித்துவிட்டால் அடுத்தது நேராக ‘ஈக்வல் ரைட்ஸ்’.

ஓர் இரவு முக்கால் மணி நேரத்தை யாரும் குறுக்கிடாமல் ஒதுக்க முடியும் என்றால், பாட்டு வரிகளை இணையத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தயார் என்றால், ‘பிளாக்ஹார்ட் மேன்’. பக்திப் பாட்டும் எதிர்ப்புப் பாட்டும் தனித்தனியானவை என்று நினைக்காத காது உங்களுக்கு இருந்தால் இது உடனே பிடிபடும். ஜமைக்காப் பேச்சுமொழி முதலில் கொஞ்சம் தடுக்கும். பெயர்ப் பாட்டின் வரிகளை ஒரு தடவை படித்துவிட்டுக் கேட்டால் அந்தத் தடை பெரும்பாலும் நீங்கிவிடும்.

அதற்கு அடுத்து என்ன என்றால், 1978இல் வந்த ‘டப்டிஸ்கோ’வின் முதல் பாகம். ‘பிளாக்ஹார்ட் மேன்’ பாட்டுகளில் பலவற்றைக் குரலை உருவிவிட்டு, தாளத்தையும் பேஸையும் மட்டும் முன்னால் கொண்டுவந்து எதிரொலியோடு மறுபடி மிக்ஸ் செய்தது. குரல் இருக்கும்போது கவனிக்காமல் விட்ட பறை, பேஸ், ஆர்கன் எல்லாம் அதில் ஒவ்வொன்றாகத் தெரியும். அதைக் கேட்டுவிட்டு ‘நாட்டி டிரெட்’டுக்குப் போங்கள். பாரட் சகோதரர்கள் வாசிப்பது என்ன என்று அதற்குள் காதுக்குப் பழகியிருக்கும், ‘நோ வுமன், நோ கிரை’யின் ஸ்டூடியோ பதிவும் அப்போது சப்பென்று இருக்காது.